விருந்தோம்பலுக்கும் ஒரு பட்டமா?

வவுனியாவிலிருந்து வடக்கே யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் வீதியும் தெற்கே மிகிந்தலைக்குச் செல்லும் வீதியும் ஒன்றே. கண்டி வீதி என்பர் பழையோர். ஏ-9 என்பர் இளையோர். அவ்வொரு வீதியிலே எம் பழைய மாணவி ஒருத்தி மூன்றாண்டுகளாகப் போவதும் வருவதுமாக இருக்கிறாள். மிகிந்தலையிலுள்ள ரஜரட்டப் பல்கலைக்கழகத்து முகாமைத்துவ பீடத்திலே அவள் பயில்வது சுற்றுலாவும் விருந்தோம்பலும் பற்றிய முகாமைத்துவம். மதவாச்சியையும் ரம்பாவையையும் கடந்தால் மிகிந்தலை. பஸ்ஸிலே ஏறி ஒரு சிறு தூக்கம் போடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அவள் வீட்டார் அந்தப் படிப்பை ஏற்றுக்கொள்வதற்கு மூன்றாண்டுகளும் போதவில்லை.

அதற்கு நாமும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவளுக்குத் தந்தை இல்லை. தாய் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தே இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்தாள். மகள் சிறப்புப் பாடம் தெரிந்தெடுக்கவேண்டிய வேளையிலே, தாயும் மகளும் எம்மிடம் ஆலோசனை கேட்க வந்தனர். அந்த அம்மாள் வாசற்படியிலே நின்றவாறே சொன்ன வார்த்தை இன்றும் நினைவிலிருக்கிறது.

“மாஸ்ரர், நீங்களே சொல்லுங்கோ. வவுனியாவிலையே பல்கலைக்கழகம் இருக்கேக்கை மிகிந்தலைக்குப் போறதே பெரிய கரைச்சல். அங்கையும் போய், ஹொட்டேலிலை கோப்பை கழுவுறதையோ இவள் படிக்கிறது?”

அவள் கூறியதில் ஒரு நியாயம் இருந்தது. பம்பைமடுவிலே எம் கண்முன்னே வளர்ந்த கல்விநிலையம் அது. 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதை விட்டு அயலூர் போனவள், போன இடத்திலாவது உத்தியோகத்துக்குரிய பாடத்தை எடுக்கவேண்டாமா? நாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “கணக்கியலை எடு பிள்ளை, விருந்தோம்பலுக்கும் ஒரு பட்டமா?” என்று தீர்ப்பளித்தோம். பிள்ளை தலை குனிந்து கேட்டாள். பின் தான் நினைத்ததையே எடுத்தாள்.

சென்ற ஆனி மாதத்திலே அவள் மீண்டும் எம்மிடம் வந்தாள். வன்னியிலே இரண்டு நாள் தங்கிப் பார்க்க விரும்பும் ஒரு விருந்தினருக்குப் பயணத் திட்டம் ஒன்று வகுத்துக் காட்டவேண்டும் என்பது அவளுக்கு இடப்பட்ட வேலை. இடங்களின் சரித்திரத்தைச் சொல்ல ஒருவர் வேண்டும் என்றாள். சரித்திர ஆசிரியரின் பலவீனம் யாதென்று எம் மாணாக்கர் அனைவரும் அறிவர்; உடனே சம்மதித்தோம். தாய் மகளைத் தனியே விட மறுத்தாள். ஆகவே எம் மனையாளும் அந்த அம்மாளும் உடன்வர, வாடகை வான் ஒன்றிலே ஒரு சனிக்கிழமை அதிகாலையிற் புறப்பட்டோம்.

பொசன் நோன்மதி கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன. மிகிந்தலைக்கும் அநுராதபுரத்துக்கும் வந்த தென்னிலங்கை யாத்திரிகர்கள் பலர் அப்படியே நயினாதீவுக்கும் செல்வது வழக்கமாதலால், வீதி நெடுகிலும் பஸ் வண்டிகள். பொசன் காலத்திலே மிகிந்தலையில் ‘தன்சல்’ என்று சொல்லி வழிப்போக்கர் அனைவருக்கும் சோறும் பானமும் இலவசமாகக் கொடுப்பார்கள் என்றும், முதலாண்டில் தானும் வரிசையில் நின்று உண்டதாகவும் பிள்ளை சொன்னாள். எம் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் வேறு பெயரிலே அங்கும் இருக்கின்றன.

இந்த வீதியின் கதையை இளைஞர்களுக்கு இப்பொழுது சொல்லித்தான் விளங்கவைக்கவேண்டும். 2002 இலே திறக்கப்பட்டு, 2006 இலே மூடப்பட்டு, போர் முடிந்த 2009 இன் பின்னரே மீண்டும் திறந்தது. 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் மறுபடி யாழ்ப்பாணம் சென்று சேர்ந்தது 2014 ஒக்டோபரில். வீதி திறந்ததும் தெற்கிலிருந்து சனம் திரண்டு வந்தது. வந்தவர்கள் அரிசியும் அடுப்பும் பாயும் கொண்டே வந்தார்கள். கனகராயன்குளத்துக்கு அப்பால் மர நிழலிலே ஒரு கூட்டத்தார் பானை ஏற்றிச் சமைத்துக்கொண்டிருந்ததை அன்றும் கண்டோம்.

“பாத்தீங்களோ சேர்? இவை இந்த வழியாலை போகினம், வருகினம். பாலைப்பழம் விக்கிற ஆச்சியிட்டை நூறு ரூபாவுக்கு வாங்குவினம். மிச்சமாய் எங்களுக்கு விட்டுட்டுப் போறது பொலித்தீன் பை மட்டும்தான்” என்றாள் பிள்ளை.

தாய் இடைமறித்தாள். “சோத்தோடை வந்தவையைப் பிழை சொல்லாதை. அவை பாவம், எங்கை சாப்பிடுறது எண்டு தெரியாமல் கொண்டு வருகினம்.”

“அதைத்தானம்மா நானும் சொல்லுறன்” என்றாள் மகள்.

தாயும் மகளும் ஒரே கருத்தைத்தான் கூறுகின்றனர் என்பது எமக்கு அப்பொழுதே புலப்பட்டது. அவர்களுக்கு அது புலப்பட மாலையாயிற்று.

இங்கே வாசகர்களுக்குப் பழைய கதை ஒன்று. பிரித்தானியர் காலத்திலே இந்த வீதியிற் செல்லும் உத்தியோகத்தர் தங்குவதற்கு ஆங்காங்கே ‘வாடிவீடு’கள் இருந்தன. வவுனியாவிலும் மாங்குளத்திலும் இருந்தன. ஆனையிறவிலே ஒல்லாந்தர் கட்டிய சிறு கோட்டையையே வாடிவீடாக்கி வைத்திருந்தனர். துரைமார் வந்து தங்க, எம்மவர் சமைத்தும் பரிமாறியும் நின்றனர். விடுதித் தொழில் என்றவுடனே எம் வீடுகளிலே முகஞ் சுளிப்பதற்கு அந்த நினைவும் ஒரு காரணமாயிருக்கலாம். பரிமாறுகிறவன் படியாதவன், படித்தவன் நாற்காலியில் அமர்ந்து உண்பவன். கணக்கியலை எடு என்று நாம் சொன்னபோதும் எம் மனத்தின் அடியிலே கிடந்தது இந்த எண்ணமே.

உலகம் அந்த எண்ணத்தை நெடுநாளைக்கு முன்பே விட்டுவிட்டது. சுவிற்சர்லாந்திலே லோசான் நகரத்தில் விடுதிக் கல்விக்கெனப் பள்ளி தோன்றியது 1893 இலே. அமெரிக்காவின் கோர்ணெல் சர்வகலாசாலை அதனைப் பட்டப்படிப்பாக்கியது 1922 இலே. எம் நாட்டிலும் 1964 இல் கொழும்பிலே ஹோட்டற் பாடசாலை நிறுவப்பட்டது. 1966 இல் உல்லாசப் பிரயாணச் சபைக்கான சட்டம் வந்தது. ‘உல்லாசப் பிரயாணம்’ என்று அன்று வைத்த பெயரும் ஓரளவு கெடுதி செய்தது போலும். உல்லாசத்துக்கு ஒரு படிப்பா என்று கேட்பார்கள்தானே. இன்று சப்பிரகமுவ, ஊவா வெல்லஸ்ஸ, ரஜரட்ட முதலிய பல்கலைக்கழகங்களிலே இத்துறை பட்டத்துக்குரிய பாடம். 2018 இலே 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டார் இலங்கைக்கு வந்தனர். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பும் அதன்பின் தொற்றுநோயும் பொருளாதார நெருக்கடியும் அத்தொழிலை முறித்துப்போட்டன. 2024 இலே மறுபடியும் 20 இலட்சத்தைத் தாண்டிற்று. அவர்களுள் வன்னியிலே ஓர் இரவேனும் தங்கியவர் மிகச் சிலரே.

மாங்குளத்திலே வலப்புறம் திரும்பி முல்லைத்தீவு வீதியில் ஏறினோம். அங்கேதான் அவள் என்ன படிக்கிறாள் என்று முதன்முறையாகப் பொறுமையுடன் கேட்டோம். கணக்கியல், சட்டம், சந்தைப்படுத்தல் என்பனவும் உண்டு என்று அவள் சொன்னபோது எமக்குச் சிறிது வெட்கமாயிருந்தது. விடுதியறை அழியும் பண்டம் என்றாள் அவள். கடையில் இன்று விற்காத சீப்பை நாளைக்கு விற்கலாம். இன்றிரவு வெறுமையாகக் கிடந்த அறையை நாளைக்கு எவருக்கும் விற்க இயலாது. ஆகையால் மழைக்காலத்தில் என்ன விலை, திருவிழாக் காலத்தில் என்ன விலை, ஒப்புக்கொண்டு வராமல் விடுவோர் எத்தனை பேர் என்றெல்லாம் கணக்கிட்டே அந்தத் தொழில் நடக்கிறது.

“இடியப்பமும் அப்பிடித்தான். பத்து மணிக்குப் பிறகு ஆருக்கு வேணும்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த அம்மாள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

புன்னகையும் ஓர் உழைப்பு என்று அங்கே கற்பிக்கிறார்களாம். ஆர்லி ஹொக்சைல்ட் என்னும் அமெரிக்க அம்மையார் 1983 இல் வெளியிட்ட நூலிலே, விமானப் பணிப்பெண்கள் மனத்தில் என்ன துயர் இருப்பினும் முகத்தை மலர்த்தி நிற்பதை ஆராய்ந்து, அதுவும் கூலிக்கு விற்கப்படும் உழைப்பே என்று நிறுவினார். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்து விருந்தோம்புவோர் முகத்தைப் பற்றிப் பேசினார். பரிமாறுகிறவளின் முகத்துக்குப் பின்னால் இருப்பதை ஆராய சென்ற நூற்றாண்டுப் பெண்மணி ஒருத்தி வேண்டியிருந்தது என்று எம் மனையாள் கூறினாள். முப்பது விருந்தினருக்கு ஒரே நாளிலே சமைத்த அநுபவம் அவளுக்கு உண்டு, எமக்கு இல்லை.

ஒட்டுசுட்டானிலே தான்தோன்றீசுவரரை வணங்கினோம். குரக்கன் வெட்டிய வயலிலே ஒட்டைச் சுட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டமையால் ஊருக்கு அப்பெயர் வந்தது என்பது ஐதிகம். அயலிலே கற்சிலைமடு. பண்டாரவன்னியன் ஞாபகக் கல் நடப்பட்ட இடம் அது. 1803 ஆவணியிலே முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்த வீரன் பண்டாரவன்னியன் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. நாம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவ்வாண்டு ஒக்டோபர் 31 ஆந் திகதி அவன் இவ்விடத்திலே வீழ்ந்து பட்டான் என்று தொடங்கினோம். இருபது வருடமாக வகுப்பிலே சொல்லிவரும் வசனம் அது.

“சேர், கல்லிலை அப்பிடி இல்லை. கப்டன் வொன் டிரிபேர்க் அவரைத் தோற்கடிச்சான் எண்டுதான் இருக்கு. செத்ததாய் எழுதேல்லை” என்றாள் பிள்ளை மெல்ல.

உண்மையே. தோல்வியைக் குறித்த கல்லை மரணத்தைக் குறித்த கல்லாக்கியவர் எம்போன்ற ஆசிரியர்களே. வருகிறவரிடம் கேள்விப்பட்டதைச் சொல்லலாகாது, கல்லிலே இருப்பதையும் ஊரார் நம்புவதையும் வெவ்வேறாகச் சொல்லவேண்டும் என்று வழிகாட்டிகளுக்குப் பயிற்றுகிறார்களாம். அந்தக் கல்லை நாட்டியவர்கள் வென்றவர்கள். ஆகவே அதிலே முதன்மை பெறும் செய்தி அவர்களின் வெற்றியே. வவுனியாவிலே சிலையாய் நிற்கும் அவ்வீரனைப் பற்றி எஞ்சிய பாதியைச் சொல்ல அவ்விடத்திலே ஓர் ஆள் வேண்டாமா என்று அவள் கேட்டாள். வேண்டும் என்றோம். குறிப்புப் புத்தகத்திலே எழுதிக்கொண்டாள்.

வற்றாப்பளையிலே வைகாசிப் பொங்கல் முடிந்து கோவில் அமைதியாயிருந்தது. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்திலே தங்கிய பத்தாவது இடம், அதனாற் பத்தாம்பளை, பின்னர் வற்றாப்பளை என்பர். பொங்கற் காலத்திலே கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தைக் காண இலட்சக்கணக்கிற் சனம் கூடும். பக்கத்திலே நந்திக்கடல் ஆனி மாதத்து வெயிலிலே வற்றி, சேறும் நீருமாய்ப் பளபளத்தது. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் இவ்வழியாற்றான் போவர். அவர்களுக்கு ஊர்கள்தோறும் சோறும் இடமும் கொடுப்பது தலைமுறை தலைமுறையாக வரும் ஒழுங்கு. எவரும் அதற்குப் பட்டம் பெற்றதில்லை என்று அந்த அம்மாள் நினைவூட்டினாள்.

முள்ளியவளையிலே எம் நண்பர் ஒருவரின் உறவினர் வீட்டில் மத்தியான போசனம். கோவிலுக்குப் போனமையால் மரக்கறிச் சாப்பாடு. புதுநெல்லரிசிச் சோறு, முருங்கைக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், எருமைத் தயிர், பின்னர் பாலைப்பழம். முன்பின் அறியாத ஐவருக்கு அந்த வீட்டார் அவ்வளவும் படைத்தனர். புறப்படும்போது பிள்ளை தயங்கித் தயங்கி, “மாமி, ஒரு வெளியாள் குடும்பம் வந்து இப்பிடிச் சாப்பிட்டு ஓரிரவு தங்கினால் என்ன வாங்குவியள்?” என்று கேட்டுவிட்டாள். அந்த வீட்டுப் பெண்மணி திகைத்து நின்றாள். தாயின் முகம் சிவந்தது.

வானில் ஏறியதும் வெடித்தது. “சாப்பிட்ட வீட்டிலை விலை கேக்கிறதோ? சோத்துக்குக் காசு வாங்கிற சனமே நாங்கள்?”

மகள் உடனே விடை சொல்லவில்லை. சிறிது தூரம் சென்ற பின், “அம்மா, அந்த மாமிக்கு ரெண்டு பெட்டையள். மூத்தவள் கொழும்பிலை உடுப்புத் தைக்கிற கொம்பனியிலை. வீட்டிலை ரெண்டு அறை சும்மா கிடக்கு. அவ காசு வாங்கினால் மூத்தவள் திரும்பி வரலாம்” என்றாள். பிள்ளை அவ்வளவையும் சமையலறையிலே சட்டி கழுவிக் கொடுக்கும்போது விசாரித்து வைத்திருந்தாள்! நாம் விறாந்தையிலே இருந்து நண்பரின் உறவினரோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தோம்.

முல்லைத்தீவுக் கடற்கரை விரிந்து கிடந்தது. கரைவலைத் தோணிகள், காயும் கருவாடு, மணலிலே ஓடும் நண்டு. இத்தகைய கரையைக் கண்டால் எவரும் இங்கே பெருவிடுதி கட்டலாமே என்பர். அவள் அதற்கு உடன்படவில்லை. றிச்சர்ட் பட்லர் என்பவர் 1980 இலே எழுதிய கட்டுரையை அவர்கள் படிக்கிறார்களாம். சுற்றுலா இடத்துக்கும் பிறப்பு, வளர்ச்சி, தளர்ச்சி உண்டு. முதலிற் சிலர் தேடி வருவர், ஊரார் தம் வீட்டிலே இடங்கொடுப்பர், பிறகு வெளியார் முதலோடு வருவர், கூட்டம் பெருகும், பெருகிய கூட்டமே இடத்தைக் கெடுக்கும். ஹிக்கடுவையின் பவளப்பாறைக்கு நேர்ந்ததை அவள் உதாரணம் காட்டினாள். சுண்டிக்குளத்துக்குப் பறவை பார்க்க எத்தனை பேரை ஒரு நாளில் விடலாம் என்பதும் அவர்கள் போடும் கணக்குகளில் ஒன்றாம். 1938 இலே சரணாலயமாகி 2015 இலே தேசிய வனமான இடம் அது. கூட்டத்தை வரவழைப்பதற்கே படிக்கிறார்கள் என்று எண்ணியிருந்தோம். அளவோடு நிறுத்துவதற்கும் படிக்கிறார்கள்.

வட்டுவாகல் பாலம் அண்மித்தது. அங்கே வானிலே பேச்சு நின்றது. அதற்கப்பால் முள்ளிவாய்க்கால். 2009 வைகாசியிலே அந்தச் சிறு நிலத்திலே நடந்ததை இங்கே விரிக்கவேண்டியதில்லை. வன்னியிலே அதனால் தீண்டப்படாத குடும்பத்தைக் காண்பது அரிது. இந்தப் பிள்ளையின் தந்தையை அக்குடும்பம் கடைசியாகக் கண்டது அங்கேதான். அன்று அவளுக்கு வயது ஐந்து.

சாரதியை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தவேண்டாமென்றும் எவரும் சொல்லவில்லை. அவன் தானே வேகத்தைக் குறைத்தான். அந்த அம்மாள் மகளின் மடியிலிருந்த குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “இதையும் காட்டப்போறியோ?”

பிள்ளை புத்தகத்தை மூடினாள்.

“காட்டமாட்டன் அம்மா. என்ரை திட்டத்திலை இந்த இடம் இல்லை.” சிறிது நேரங் கழித்துச் சொன்னாள்: “ஆனால் வாறவை கேப்பினம். கேட்டால் ஆரோ ஒருத்தர் மறுமொழி சொல்லத்தானே வேணும்? தெரியாத ஆரோ வந்து சொல்லுறதோ?”

கிளிநொச்சியிலே போரில் வீழ்ந்து கிடந்த நீர்த்தாங்கி எமக்கு நினைவுக்கு வந்தது. போர் முடிந்த பின்னர் தெற்கிலிருந்து வந்தோர் பஸ்ஸிலிருந்து இறங்கி அதன் முன்னே நின்று படம் பிடித்துக்கொண்டனர். அந்த ஊரிலே குடியிருந்து, அந்தத் தாங்கியின் தண்ணீரைக் குடித்தவர் ஒருவர் அருகில் நின்று அதன் கதையைச் சொல்லியிருந்தால் அவர்கள் வேறுவிதமாகப் பார்த்திருப்பார்களோ, என்னவோ. அந்த அம்மாள் மகளுக்கு விடை சொல்லவில்லை. ஆனால் புதுக்குடியிருப்பு வரும்வரையில் மகளின் கையை விடவுமில்லை.

பரந்தன் சந்தியிலே மறுபடி கண்டி வீதியை அடைந்து தெற்கே திரும்பினோம். இரணைமடு அணைக்கட்டிலே மாலை வெயில். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய அப்பெருங்குளத்தின் நீரிலே சிறுபோகம் பச்சைபிடித்திருந்தது. அணைக்கட்டிலே ஒரு சிங்களக் குடும்பத்தார் நின்றனர். கிழவி, மகன், மருமகள், இரு குழந்தைகள். மகன் எம்மிடம் வந்து அயலிலே தேநீர் அருந்த நல்ல இடம் உண்டோ என்று சிங்களத்தில் வினவினான். எமக்குத் தெரிந்த சிங்களம் கந்தோர்களில் விண்ணப்பம் நிரப்பும் அளவினது. மிகிந்தலையிலே மூன்றாண்டு இருந்தவள் சரளமாகப் பதில் சொன்னாள். கிளிநொச்சிப் பட்டணத்துக்கு வழி சொன்னாள். குளத்தின் கதையையும் சிறிது சொன்னாள் போலும், கிழவி கைகூப்பி நீரைப் பார்த்தாள். இதற்கிடையில் அந்த அம்மாள் முள்ளியவளையில் எமக்குக் கட்டிக்கொடுத்த பாலைப்பழப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, இரு குழந்தைகளின் கைகளிலும் நிறைய வைத்துவிட்டாள். அவர்கள் பணப்பையை எடுக்கக் கையசைத்து மறுத்துவிட்டாள்.

மகள் எம்மைப் பார்த்துச் சிரித்தாள். தாய்க்குக் கேட்காமல், “இதைப் படிப்பிக்க ஏலாது சேர்” என்றாள்.

வவுனியாவை அடைய இரவு 8 மணியாகிவிட்டது. தேநீர் அருந்தியே போகவேண்டுமென்று அந்த அம்மாள் எம்மை உள்ளே அழைத்தாள். சிறிய வீடு, ஒரு மூலையிலே இடியப்ப உரல்களும் தட்டுகளும் அடுக்கியிருந்தன. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமையாதலால் கடைகள் அதிகமாகக் கேட்டிருக்கின்றன என்றும், இன்னும் மாவை அரிக்கவேண்டுமென்றும் சொல்லிக்கொண்டே கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு மகளிடம், எம்மைப் பாராதவள்போல், “ஏனடி, உந்தப் படிப்பிலை சாப்பாட்டுச் சாமானுக்கு விலை போடுறது எப்பிடி எண்டு படிப்பிக்கினமோ? நான் அவிக்கிற இடியப்பத்துக்குக் கடைக்காரர் தாற காசு சரியோ எண்டு பார்” என்றாள்.

பிள்ளை குறிப்புப் புத்தகத்தைத் திறந்து ஒரு வெள்ளைப் பக்கத்தை எடுத்தாள். மா இவ்வளவு, தேங்காய் இவ்வளவு, உப்பு, சம்பலுக்கு மிளகாய்.

“விறகு?” என்று கேட்டாள்.

“விறகு எங்கடை வளவிலைதானே.”

“அதையும் போடவேணும் அம்மா.” எழுதினாள். “எத்தினை மணிக்கு எழும்பிறனீங்கள்?”

“மூண்டு மணி. அதை ஏன் கேக்கிறாய்?”

“உங்கடை கூலியும் போடவேணும்.”

“என்ரை கூலியோ?” என்று அந்த அம்மாள் எம் மனையாளைப் பார்த்தாள். எம் மனையாள் எம்மைப் பார்த்தாள். பிள்ளை தலை நிமிராமல், மூன்று மணியிலிருந்து ஆறரை மணி வரைக்கும் விரலிலே எண்ணத் தொடங்கினாள்.